மன்னருக்கு ஒரு தாழ்ப்பாள் மனு

ஜூன் 23, திங்கள்

ஒன்பதாம் வகுப்புக்கு ‘புரட்சிகளின் காலம்’ பாடம் தொடங்கினேன். காலையிலேயே தாளாளர் பரந்தாமன் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: “தபிதாள் மேடம், புரட்சியெல்லாம் பத்து நாள்ல முடிச்சுடுங்க. யூனிட் டெஸ்ட் வருது.”

பிரெஞ்சுக்காரர்களுக்குப் பத்து வருடம் ஆனது. இப்படி ஒரு தாளாளர் அவர்களுக்கு வாய்க்கவில்லை, பாவம்.

ஜூன் 25, புதன்

அன்றைய பிரான்ஸின் மூன்று பிரிவுகளை விளக்கினேன். மதகுருமார், பிரபுக்கள், மிச்சம் இருந்த அத்தனை பேரும். வரி மட்டும் மிச்சம் இருந்தவர்களுக்கு. பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் வரலட்சுமி எழுந்தாள். தறி ஓட்டுபவரின் மகள்.

“அவங்ககிட்ட ராஜா ஒண்ணுமே கேக்கலையா மிஸ்?”

கேட்டார், ஊர் ஊராகக் குறைகளை எழுதி அனுப்பச் சொன்னார் என்றேன்.

“அப்ப நாங்களும் எழுதட்டுமா?”

வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிட்டேன். ‘நீ மூன்றாம் பிரிவைச் சேர்ந்தவன் எனக் கருதி மன்னருக்கு ஒரு மனு எழுதுக.’ எவ்வளவு புதுமையான ஆசிரியை நான்!

ஜூன் 27, வெள்ளி

நாற்பத்திரண்டு மனுக்கள். நாற்பத்தொன்றில் ரொட்டி விலை ஏறியிருக்கிறது, எல்லாம் ஒரே கைடிலிருந்து. வரலட்சுமி மட்டும் இப்படி:

‘மேன்மை தங்கிய மன்னருக்கு, மாணவிகள் கழிவறையில் நான்கு கதவுகளில் மூன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதனால் நாங்கள் பலர் சாயங்காலம் வரை அடக்கிக்கொள்கிறோம்.’

‘பிரான்ஸைப் பற்றி எழுதவும்’ என்று சிவப்பு மையில் எழுதி, பத்துக்கு நான்கு போட்டேன். பிறகு ஆசிரியர்களுக்கென்று தனியாக இருக்கும் கழிவறைக்குப் போய், உள்ளே தாழிட்டுக்கொண்டேன். அப்போதுதான் உறைத்தது. நான் எந்தப் பிரிவு?

ஜூன் 30, திங்கள்

அந்தத் தாளில் இருபத்தொரு பெண்கள் கையெழுத்துப் போட்டு அலுவலகத்தில் கொடுத்துவிட்டார்கள்! மேலே என் சிவப்பு மை அப்படியே இருக்கிறது.

தாளாளர் கூப்பிட்டார். “மன்னர்னு யாரைச் சொல்லிக்கிறாங்க? என்னையா?” ஒரு நொடி முகத்தில் சந்தோஷம்கூடத் தெரிந்தது. அப்புறம் கறுத்தது. “அந்தப் பொண்ணுக்கு டிசி குடுத்துடலாம். புதன்கிழமை அவங்க அப்பாவ வரச் சொல்லிக்கிறேன். நான் இப்டி எழுதச் சொல்லலைன்னு நீங்க ஒரு லெட்டர் குடுத்துடுங்க.”

“சரிங்க சார்” என்றேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம், நாக்கு என்னைக் கேட்பதே இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

கடிதம் எழுதியாகிவிட்டது. கையெழுத்துதான் பாக்கி – சீ, நான்லாம் ஒரு டீச்சரா?

ஜூலை 2, புதன்

வரலட்சுமியின் அப்பா வந்திருந்தார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது, யாரும் உட்காரச் சொல்லவில்லை. “வேணாம் நைனா, போயிடலாம்” என்று வரலட்சுமி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் நகரவில்லை.

“தப்பா இன்னா எழுதிகீறா சார்? தறி ஓட்ற எங்க வூட்லயே தாப்பா கீதே.”

“பாடத்துல இல்லாததெல்லாம் எழுதிக்கிறா. மேடத்தையே கேளுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கடிதம் கைப்பையில் இருந்தது.

“நான் குடுத்த வீட்டுப்பாடம்தான் சார்” என்றேன். “அவ எழுதினது அத்தனையும் நிஜம். மார்க்கு போட்டதுலதான் நான் தப்பு பண்ணிட்டேன். டிசி குடுத்தீங்கன்னா, அந்தத் தாளோட நானே கல்வி ஆபீஸுக்குப் போவேன்.”

பேசியது நான்தானா? தாளாளர் தண்ணீர் குடித்தார். “சரி, பொண்ணு படிக்கட்டும்” என்றார் அவள் அப்பாவிடம்.

வீட்டுக்கு வந்து கடிதத்தைக் கிழித்தேன்.

ஜூலை 7, திங்கள்

நான்கு கதவுகளுக்கும் புதுத் தாழ்ப்பாள். சுவரில் நீலப் பெயின்ட்டில், ‘மாணவிகள் நலன் கருதி, தாளாளர் அன்பளிப்பு’. திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டாததுதான் குறை.

எனக்கும் ஓர் அன்பளிப்பு. இன்றிலிருந்து நான் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பு வரலாறு விளையாட்டு ஆசிரியருக்கு. அவர் புரட்சியை ஒரே பீரியடில் முடித்துவிட்டாராம்.

ஜூலை 17, வியாழன்

இரண்டாம் வகுப்பில் புரட்சி கிடையாது. பழங்களின் பெயர்கள், பாட்டு, மூக்கொழுகல். பாடத்துக்கு நடுவில் முன்வரிசை அபி எழுந்தாள். ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை.

“மிஸ், நம்ம கிளாஸ் ஃபேன் சுத்தவே மாட்டேன்து. யாருக்கு எலுதணும்?”

வகுப்பே என்னைப் பார்த்தது. வெளியே வராந்தாவில் தாளாளரின் செருப்புச் சத்தம்.

“யாருக்குன்னு அப்புறம் சொல்றேன், முதல்ல எழுதக் கத்துக்கலாம்” என்று ‘ழ’வைக் கரும்பலகையில் பெரிதாக எழுதினேன்.