கொழும்புக்குப் போன ஐந்து டின்

1955 நவம்பர் 28, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். பத்து மணிக்கும் தெருவில் பனி. அப்பளம் இன்று 600. அம்மா, கூலிக்குத் தேய்க்க வரும் எல்லம்மாக்கா, நான். தோள் வலி.

கொழும்புக் கடைக்காரரிடமிருந்து அப்பாவுக்குக் கடிதம். மாதிரிக்கு அனுப்பிய அப்பளம் ருசி நன்றாம். ஆனால் பாதி நெளிசல், பாதி உடைசல். தட்டையாக, வட்டம் குறையாமல், தகர டின்னில் அடைத்து எட்டாயிரம் வேண்டுமாம். பொங்கலுக்கு முன் கடையில் இருக்க வேண்டும். சரக்கு நன்றாக இருந்தால் இனி மாதா மாதம்.

அப்பா மூன்று முறை வாசித்தார். குடோன் வேலை போன பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். “அங்கே புதுசு புதுசா கடை வருது. திங்க வாய் இருக்கு, தேய்க்கக் கை இல்லே. கொழும்புலே பிடிச்சா அடுத்தது பினாங்கு.”

எல்லம்மாக்கா: “அப்பளம் கப்பல் ஏறுது. நான் இன்னும் ரயிலே ஏறலே.”

பிறகு அப்பா என்னிடம் சொன்னது. அப்படியே எழுதி வைக்கிறேன். “மாசா மாசம் போச்சுன்னா தேய்க்க ரெண்டு ஆளு வெச்சுக்கலாம். ஜூன்லே நீ ஸ்கூலுக்குப் போ, சரோஜா.”

தலையாட்டினேன். எட்டாம் வகுப்பில் பாதியில் நின்று இரண்டு வருஷம்.

டிசம்பர் 1, வியாழன்

வாங்க: உளுந்து மாவு, அப்பளக்காரம், நல்லெண்ணெய், நூல்கண்டு. பிரண்டை எல்லம்மாக்கா கொண்டு வருவாள்.

அப்பாவின் புதுச் சட்டம். வெயிலில் போடக் கூடாது. வெயில் பட்டுத்தான் ஓரம் நெளிகிறதாம். அறைக்குள் பாயில் காய வைத்து, பலகை போட்டு, மேலே அம்மிக்கல். சீட்டுக்கட்டு மாதிரி அடுக்க வருகிறது. அழகுதான்.

கடைசியாக ஒரு வெயில் காட்டுவது வழக்கமாயிற்றே என்றாள் அம்மா. அதனால்தான் மாதிரி கெட்டது என்றார் அப்பா. அம்மா அதோடு விட்டாள்.

மார்க்கெட் கடைக்கு என்றால் கவலை இல்லை. கூடையில் திறந்து கிடக்கும், மிச்ச ஈரம் காற்றில் போய்விடும். ஆனால் இங்கே அப்பளம் போடாத வீடு ஏது, விலை கிடைக்காது.

டிசம்பர் 6, செவ்வாய்

ஓசூர் ரோட்டில் பழைய டீச்சர். கடைக்குள் ஒதுங்கப் பார்த்தேன், அதற்குள் கூப்பிட்டுவிட்டார். வரும் ஜூனில் வந்தால் சேர்த்துக்கொள்வார்களாம். அதற்குப் பிறகு வயது தாண்டிவிடும், பெரிய டீச்சர் ஒப்பமாட்டார். சரி டீச்சர் என்றேன். கையில் அப்பளக்காரத்தின் வாடை, பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

டிசம்பர் 14, புதன்

நாலு நாளாகத் தூறல். எண்ணிக் கட்டுவது என் வேலை, நூறு நூறாக. நன்றாகக் காய்ந்ததை வளைத்தால் டக்கென்று ஒடியும். கடைசி முப்பது கட்டும் ஒடியவில்லை. தோல் மாதிரி வளைகிறது.

அம்மாவிடம் ஒன்றை நீட்டினேன். வளைத்துப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அடுத்த கட்டுக்கு நூல் எடுத்தாள். நாளைக்கு ரயிலில் ஏற்றாவிட்டால் கப்பல் போய்விடும்.

டிசம்பர் 15, வியாழன்

டின் ஒட்டும் பாய் வந்தார். ஐந்து டின். கரியில் இரும்பைக் காய வைத்துக்கொண்டே கேட்டார்: “ஈரம் கீரம் இல்லையே உள்ளே? ஈயம் வெச்சா வெச்சதுதான். அப்புறம் நம்ம கையிலே இல்லே.”

“நல்லா காஞ்சது, பாய்.” அப்பா.

நான் கதவோரம். வாய் வரை வந்தது. அப்பா இருக்கும்போது வெளி ஆள் முன்னால் பேசி எனக்குப் பழக்கமில்லை. முதல் டின்னை மூடினார். இரண்டாவது. ஐந்தாவதும் மூடியாயிற்று.

எண்ணிக்கைக்கு மேல் பன்னிரண்டு அப்பளம் மிச்சம், கடைசிக் கட்டுகளுடையது. ஊறுகாய்ப் புட்டியில் போட்டு, டின் மாதிரியே காற்றுப் புகாமல், மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றினேன். என் பெட்டியில், துணிக்கு அடியில்.

டிசம்பர் 22, வியாழன்

தூத்துக்குடியிலிருந்து கார்டு. டின்கள் கப்பல் ஏறிவிட்டன. அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

புட்டியில் ஒன்றும் இல்லை. நான்தான் தப்பாக நினைத்தேனோ.

டிசம்பர் 27, செவ்வாய்

மேல் அப்பளத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. மிளகோ என்று நினைத்தேன். மிளகு நாங்கள் போடவில்லை.

டிசம்பர் 30, வெள்ளி

பச்சைப் பூசணம். பன்னிரண்டிலும்.

அப்பா பினாங்குக் கடைகளின் விலாசம் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டிருக்கிறார். எனக்கும் ஒரு பென்சில் வாங்கி வந்திருக்கிறார். ஜூனுக்காம். கொழும்பில் டின்னை இன்னும் திறந்திருக்கமாட்டார்கள். அதுவரை எனக்கு மட்டும் தெரியும்.

1956 ஜனவரி 9, திங்கள்

கடிதம். முதல் டின்னைத் திறந்ததுமே கடை முழுக்க வாடையாம். ஐந்தையும் கொட்டிவிட்டார்கள். இனி யாழ்ப்பாணத்திலேயே வாங்கிக்கொள்வார்களாம்.

“அவன் குடோன் ஒழுகியிருக்கும்,” என்றார் அப்பா. பதில் எழுத என்னைக் கூப்பிட்டார். வீட்டில் என் கையெழுத்துதான் நன்றாக இருக்கும். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ‘எங்கள் சரக்கு முழுவதும் நன்கு உலர்ந்த பின்னரே அடைக்கப்பட்டது.’ அந்த வரியில் கொஞ்சம் நின்றார். நான் நிமிரவில்லை. மேலே போகச் சொன்னார். ஒரு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லை.

ஜனவரி 10, செவ்வாய்

பெட்டியில் புட்டி இல்லை. குழாயடியில் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. சோறு போடும்போது அம்மா எனக்கு ஒரு கரண்டி கூடப் போட்டாள்.

பென்சில் இன்னும் சீவவில்லை.

ஜனவரி 12, வியாழன்

சுள்ளென்று வெயில். மார்க்கெட் கடைக்குப் பொங்கல் சரக்கு, 400 மட்டும். எல்லம்மாக்காவை நிறுத்தியாயிற்று. அம்மாவும் நானும்.

அப்பாவின் சட்டப்படி அறைக்குள் பாய் விரித்தேன். அப்பா வாசலில் நின்றார், தெருவைப் பார்த்துக்கொண்டு.

“வெயில்லே போடு. நெளிஞ்சா நெளியட்டும்.”

போட்டேன். பதினோரு மணிக்கே ஓரம் தூக்கிவிட்டது.