நாத்தனாரின் மழைக்கால ஏற்பாடுகள்

5 செப்டம்பர் 1943, ஞாயிறு

இனிமேல் வருஷத்தைச் சப்பான் கணக்கில் 2603 என்றுதான் எழுத வேண்டும் என்று தேயிலைத் தோட்டத்து ஆபீசில் உத்தரவாம். என் நோட்டை எந்தச் சப்பான்காரனும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. 1943தான்.

பிற்பகல் மழை தொடங்கிவிட்டது. அதைவிடப் பெரிய இடி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. என் வீட்டுக்காரர் அம்புரோஸைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போன மறுவாரமே அவருடைய அக்கா பார்பரா பெட்டியோடு வந்து இறங்கினாள். "தம்பி இல்லாத வீட்ட யாரு பாக்குறது, பவுலின்?" என்றாள். ஏன், நான் என்ன கதவா, ஜன்னலா?

14 செப்டம்பர்

வாசலில் பார்பரா கட்டி வைத்த மூன்று மூட்டைகள். எனக்கொன்று, அவளுக்கொன்று, என் நாலு வயது ரீட்டாவுக்கொன்று. மழையில் ஏதாவது நேர்ந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்காம். அவள் தகர மூடியைத் தட்டியதும் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துக்கு ஓட வேண்டும். இன்று மூன்று தடவை ஓடினோம். லயத்து வரிசை வீட்டுப் பெண்களுக்கு நல்ல வேடிக்கை.

என் மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன். பழைய போர்வை, ஒரு மெழுகுவர்த்தி, அம்புரோஸின் கல்யாணக் கோட்டு. வெள்ளம் வந்தால் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கவா? கேட்டேன்.

"தம்பி திரும்பி வந்தா எதப் போட்டுக்குவான்?" என்றாள்.

கோட்டை மடித்து மறுபடியும் மூட்டையிலேயே வைத்தேன்.

20 செப்டம்பர்

கங்காணி மாடசாமி வந்தான். ஒவ்வொரு வீட்டுக்காரரும் வீட்டுக்குப் பின்னாலுள்ள சரிவில் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட வேண்டுமாம். அரிசி இல்லாத காலம், சரிதான். ஆனால் அந்தச் சரிவு எங்கள் பின்சுவரின் தலைமேல் நிற்கிறது. அடுப்புச் சூட்டுக்காக ரீட்டா படுப்பது அந்தச் சுவரோரம். மண்ணைப் பிடித்து வைத்திருப்பதே தேயிலை வேர்தான். மழை முடியட்டும், தை மாசம் பிடுங்கலாம் என்றேன்.

"பட்டினி வந்து கதவத் தட்டுனா, மழை முடியட்டும்னு சொல்லுவியா?" என்றாள் பார்பரா.

"இந்தக் குளிர்ல கிழங்கு வைக்க ஒரு வருசம் ஆகும் லா, அண்ணி."

"அப்ப அடுத்த வருசம் தின்னலாம்."

இவளோடு பேசுவதற்குச் சுவரோடு பேசலாம். சுவராவது எதிர்த்துப் பேசாது.

2 அக்டோபர்

பிடுங்கிவிட்டாள். நான் பக்கத்து ஊர் திரிங்காப்புக்குக் காய்கறித் தோட்ட வேலைக்குப் போன நேரம் பார்த்து, கங்காணியிடம் ஆள் கேட்டு வாங்கி, ஒரு தூர் விடாமல் பிடுங்கிவிட்டாள். மொட்டைச் சரிவில் வரிசையாக மரவள்ளிக் குச்சிகள்.

பாவி. எம்புள்ள தலைமேல மண்ண ஏத்தி வச்சிருக்காளே! இவ நல்லா இருப்பாளா?

3 அக்டோபர்

பேச்சுவார்த்தை இல்லை. ரீட்டாதான் தூது.

"ரீட்டா, வெறகு நனையுதுன்னு ஒங்கம்மாகிட்ட சொல்லு."

"ரீட்டா, எனக்கும் கண்ணு இருக்குன்னு ஒங்க அத்தைகிட்ட சொல்லு."

குழந்தை இரண்டையும் கலந்து, "அத்தை, வெறகுக்குக் கண்ணு இருக்காம்" என்றது. இரண்டு பேரும் சிரிக்கவில்லை. பிறகு நான் பாயில் குப்புறப் படுத்துச் சிரித்தேன்.

19 அக்டோபர்

மழை. மழை. ரீட்டாவை முன்பக்கம் படுக்க வைத்தேன், குளிரில் இருமல் வந்துவிட்டது. மறுபடியும் அடுப்போரம்தான். வேறு என்ன செய்வது?

அவள் தினமும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போய் நின்றுவிட்டு வருகிறாள். குச்சிக்குக் காவலோ என்னவோ.

27 அக்டோபர்



மத்தியானம், கொட்டுகிற மழை. ரீட்டா அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். பின்பக்கத்திலிருந்து ஓடிவந்த பார்பரா தகரத்தைத் தட்டவில்லை, மூட்டையைத் தொடவில்லை. பிள்ளையைப் பாயோடு வாரிக்கொண்டு வெளியே ஓடினாள். "இருமுற புள்ளைய மழைல இழுக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே துரத்தினேன். பிள்ளையைப் பிடுங்க, அவளை அடிக்க. சத்தியமாக அடிக்கத்தான் ஓடினேன். பெரட்டுக் களத்தில் அவள் கொண்டையைப் பிடித்துவிட்டேன். அப்போது பின்னால் லாரி கவிழ்ந்தது போல ஒரு சத்தம்.

பின்சுவர் இல்லை. அடுப்பு இல்லை. ரீட்டா படுத்திருந்த இடத்தில் ஆளுயரச் சேறு. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் வேலைக்காட்டில் இருந்ததால் தப்பினார்கள். என் கை அவள் கொண்டையிலேயே இருந்தது.

"சரிவுச் சாக்கடைத் தண்ணி செம்மண்ணா கரைஞ்சு வந்துச்சுடி" என்றாள். இத்தனை நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

சரிவைச் சாய்த்தவளும் இவள். பிள்ளையைத் தூக்கியவளும் இவள். வைவதா, கும்பிடுவதா? மாதாவே, ஒரு மனுஷிக்குள் இரண்டையும் ஏன் வைத்தாய்?

8 நவம்பர்

மூடிக் கிடந்த தோட்டப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறோம். முன்பு நான் பாடம் சொல்லிக்கொடுத்த அறை.

கங்காணி இன்று இங்கேயே வந்துவிட்டான். சரிந்த இடத்தைச் சமப்படுத்தி மறுபடியும் மரவள்ளி நட வேண்டுமாம். மாட்டோம் என்பவர்களின் பெயர் ஆபீசுக்குப் போகுமாம். ஆபீசுக்குப் பெயர் போனால் என்ன ஆகும் என்று அம்புரோஸைக் கொண்டுபோன நாளிலிருந்து எங்களுக்குத் தெரியும்.

அண்ணி மண் வெட்டுகிற சங்கோலை எடுத்து அவன் காலடியில் போட்டார்.

"அங்க நட்டவ நாந்தான். மறுபடி நட மாட்டேன்னு சொல்றவளும் நாந்தான். எழுதுறதுன்னா எம்பேர எழுது. எங்க பவுலின் அன்னைக்கே வேணாம்னு சொன்னா."

அவன் எழுதிக்கொண்டானா என்று தெரியவில்லை. முறைத்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் முதல் கஞ்சியை அண்ணிக்கு ஊற்றினேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு பத்தல" என்றார்.

எழுந்து போய் எடுத்து வந்தேன்.