நான் நட்ட நார்சிசோ

நவம்பர் 14, வியாழன்
தெற்கிலிருந்து சிரொக்கோ, சூட்டுக் காற்று. இந்த மாதத்திலும் வேர்வை. சின்யோரா நார்சிசோப் பூக்கிழங்கு மூன்று பெட்டி வாங்கி வந்தார். நான் அவர் வீட்டு வேலைக்காரி. தோட்டக்காரர் நின்றுவிட்டதால் அதுவும் என் தலையில். கிழங்குகளை அள்ளி எறிந்து, விழுந்த இடத்திலேயே நட வேண்டுமாம். தானாக முளைத்த மாதிரி இருக்குமாம். எறிந்தது அவர். முழங்காலில் நின்றது நான்.

நவம்பர் 16, சனி
முடிந்தது. புல்லைச் சதுரமாக வெட்டித் தூக்கி, குழி தோண்டி, கிழங்கின் கூர் மேலே இருக்க வைத்து, திரும்ப மூடி மிதித்து. மூன்று நாளும் இதே. வலது முழங்கால் வீக்கம். பல்லறோ சந்தைக்குப் போகவில்லை. இரவு முட்டைப் பொரியல்.

ஜனவரி 7, செவ்வாய்
மழை. புல்லில் ஒன்றும் காணவில்லை. சின்யோரா போனில் தங்கையிடம்: "தலைகீழாக நட்டிருப்பாள். இல்லையென்றால் வெங்காயம் என்று கறி வைத்திருப்பாள்." சிரிப்பு வேறு. எனக்கு விளங்காது என்ற நினைப்பு. பதினொரு வருடமாக எந்த மொழியில் அவருக்குப் பதில் சொல்கிறேனாம்?

இரவு என் கணவரிடம் சொன்னேன்.
"பேசாமல் இருமப்பா. உம்மடை பெர்மெஸோ, இத்தாலியிலை இருக்கிற அனுமதி, மார்ச்சிலை முடியுது. புதுப்பிக்க அவவின்ரை வேலைக் கடிதம் வேணுமெல்லோ."
கடிதம் தருகிறவர் என்பதற்காக என்னைக் கள்ளி என்றும் சொல்லலாமோ?

பெப்ரவரி 19, புதன்
வெயில். புல்தரை முழுக்க மஞ்சள். ஒன்றுகூடத் தலைகீழ் இல்லை. சின்யோரா படம் எடுத்தார். நன்றாக நட்டாய் என்று எனக்கு ஒரு சொல் இல்லை.

பெப்ரவரி 23, ஞாயிறு
எனக்கு விடுமுறை நாள். ஆனாலும் விருந்துக்கு வரச் சொன்னார். ஆறு பேர். சின்யோரா ஜன்னலைத் திறந்து, "எல்லாம் என் கையால் நட்டது" என்றார். கோப்பித் தட்டோடு நான் பக்கத்தில்.

"இல்லை, சின்யோரா. நான் நட்டேன். மூன்று நாள்."

ஒருவரும் கோப்பி எடுக்கவில்லை. பிறகு ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "எவ்வளவு ஆழத்தில்?" என்றார். சொன்னேன். அதன் பிறகு கேள்வி எல்லாம் என்னிடமே.

வீட்டில் இவர் தலையில் கை வைத்தார். "கடிதம் தராட்டி என்ன செய்யிறது?"
"வேறை வீடு பாப்பம்."
வாய் அப்படிச் சொன்னது. கை மிச்சக் காசை எண்ணியது.

பெப்ரவரி 24, திங்கள்
எட்டு மணிக்கே போனேன். சின்யோரா சமையலறையில், கடிதம் முன்னால், கையெழுத்து இன்னும் இல்லை.
"விருந்தாளிகள் முன்னால் என்னை வெட்கப்படுத்திவிட்டாய்."
"உங்களுக்கு நேற்று ஒரு நாள் மட்டும்தானே, சின்யோரா. எனக்கு, நீங்கள் போனில் வெங்காயம் என்று சிரித்த நாளிலிருந்து."
பேனாவின் மூடியைக் கழற்றினார். பிறகு கையெழுத்துப் போட்டார், தாள் கிழிகிற மாதிரி அழுத்தி.