சிறிய கிட்டாரின் பின்பலகை

வியாழன், ஆகஸ்ட் 14

தோள்வலியால் பெரிய கிட்டாரைப் பிடிக்க முடியாமல், ஒன்பது மாதம் உழைத்து நானே சிறியதாக ஒன்று செய்தேன். தேவாலயப் பூசையில் தொடர்ந்து வாசிக்க எனக்கு வேறு வழியில்லை. இன்று பாடகர் குழுப் பயிற்சியில் ஒலி இரண்டாம் வரிசைக்குக்கூட எட்டவில்லை.

"க்யூட்டா இருக்கு ஆன்ட்டி. மைக் வெச்சுக்கலாம் லா," என்றாள் குழுத் தலைவி ஷெரின்.

குறை என்னுடையது. மேல்பலகை விரிசல் விடுமோ என்று பயந்து, உள்ளே அதைத் தாங்கும் சட்டங்களைத் தடிமனாக விட்டுவிட்டேன். சிறிய கிட்டாருக்கு அவை மெலிந்திருக்க வேண்டும். கிட்டார் செய்து பழகிய என் கணவர் உயிரோடு இருந்தால் தட்டிப் பார்த்தே சொல்லியிருப்பார்.

வீட்டுக்கு வந்ததும், அந்தச் சட்டங்களைத் தேய்த்து மெலிதாக்கிவிடலாம் என்று ஒலித்துளைக்குள் கையை நுழைத்தேன். வீங்கிய விரல்கணுக்கள் தடுத்தன. இனிப் பின்பலகையைக் கழற்றினால்தான் உண்டு. கத்தி நுழைய ஓர் இடுக்கு தேடினேன். எங்குமே இல்லை. அத்தனை நேர்த்தியாக ஒட்டியிருக்கிறேன்.