பச்சைக்கல்லும் கோடை இடியும்

அக்கா,

மத்தியானம் களத்திலிருந்து ஒரு மண் வாசனை வந்தது. மழை வாசனை இல்லை. காற்று நின்றுபோனதும், அறுத்துப் பரப்பிய பச்சைச் செங்கல்லிலிருந்து எழும்புமே, அந்தப் புழுக்க வாசனை. எச்சில் கையோடு வெளியே ஓடி மேற்கே பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது, இப்படி ஓடுகிறவள் நீயல்லவா என்று. காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு வருகிற முதல் கோடை இது.

சித்திரை பிறந்தால் நம் சூளைக்காரர்களுக்குக் கழுத்து சுளுக்கும், வானத்தையே பார்த்து. இடிமழை வந்தால் பச்சைக்கல் கரைந்து சேறு. பயந்துகொண்டு முன்கூட்டியே அடுக்கிக் கீற்றுப் போட்டு மூடினாலோ, காயாத கல் ஒன்றோடொன்று ஒட்டிக் கோணிப்போகும். அடுக்கவா, விடவா? அதை நீதான் சொல்வாய்.

மேற்கே கருத்தால் ஆத்தா இரும்பு உலக்கையை வாசலில் வீசும், இடி அதிலே இறங்கிப் போகட்டும் என்று. "இடிக்கு நெல்லு குத்தத் தெரியுமா ஆத்தா? ரெண்டு படி கொண்டாந்து வையி" என்பேன். முதுகில் ஒன்று விழும். நீ சிரிக்கவே மாட்டாய். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க, நனைத்த முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பாய்.

போன சித்திரையில் வானம் எருமைத்தோலாக இருண்ட அன்று, அப்பா மூடுவதற்குக் கீற்றைத் தூக்கிவிட்டார்.

"இருங்கப்பா. கீழ்காத்து இன்னும் நிக்கல. மேகம் தெக்க ஒதுங்கிரும்."

"ஒதுங்கலைன்னா?"

"ஒதுங்கும்பா."

"புதுக்கோட்டை ரேடியோப் பெட்டியே மழைய விட்டுட்டுச் சண்டைச் சேதிதான் சொல்லுது. இவ மேகத்துக்கே வழி சொல்றா" என்றேன் நான்.

மேகம் நீ சொன்ன வழியே போய்க் கீரமங்கலம் பக்கம் கொட்டியது. எல்லோரும் உன்னைக் கொண்டாடினார்கள். நீயோ சூளைக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாய்.

"தெரியாமத்தான் சொன்னியாக்கா?"

"பாதி தெரியும். மீதிய யாராச்சும் சொல்லித்தானடா ஆகணும்."

நான் போய் உனக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் மொண்டுவந்தேன்.

இன்றைக்கு அப்பா கீற்றை எடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். "என்னடா சொல்ற?" கல் அறுக்க வந்தவர்கள் சிரிக்கத் தயாராக நின்றார்கள், நான் வாயைத் திறந்தால் வேறென்ன வரும் என்று. காற்று செத்துக் கிடந்தது. இடி நெருங்கியது. "அடுக்கிருங்கப்பா" என்றேன். ஓடி ஓடி அடுக்கினோம், மூடினோம்.

ஒரு சொட்டு விழவில்லை. கொஞ்சம் புழுதி, நிறைய சத்தம், அவ்வளவுதான்.

"வானமும் தம்பி மாதிரிதான், வாய் மட்டும்" என்றார் ஓர் ஆள். நியாயமாகப் பார்த்தால் அது நான் சொல்லியிருக்க வேண்டியது. கீற்றை நீக்கினால் அடிவரிசை முழுக்க ஒட்டிக் கிடந்தது. அப்பா உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். தேறினதை மறுபடி பரப்பினோம். தேறாததை மண்குழியில் போட்டார். நாளைக்குத் திரும்ப மிதித்து அறுக்க வேண்டும்.

"இனிமே நீங்களே பாத்துக்கங்கப்பா."

"வானத்தையும் கல்லையும் ஒரு ஆளு பாக்க முடியாதுடா. அவ இருந்தப்ப நான் கல்ல மட்டும் பாத்தேன்" என்றார். நீ போன பிறகு உன்னைப் பற்றி அவர் பேசியதே அப்போதுதான்.

உடம்பெல்லாம் அலுப்பு, அக்கா. கல் சுமந்த அலுப்பு தூங்கினால் போகும். இது போகிற மாதிரித் தெரியவில்லை. இத்தனை கோடையும் இதைச் சுமந்துகொண்டு எங்களுக்குச் சோறு வேறு போட்டாயே.

பொழுது சாய்கிறது. பரப்பிய கல் அப்படியே கிடக்கிறது. மேற்கே மறுபடி மின்னுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. அப்பா குழியருகே கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், தலையை நிமிர்த்தாமல். நான் எழுந்து போகிறேன். அவரிடம் என்ன சொல்லப்போகிறேன் என்று பாதிதான் தெரியும்.