ஏலத்துக்குப் பக்கத்தில் வைத்த ஊசி

ராத்தா,

என் மூத்த அக்காவே, உங்கள் வீட்டு முன்னறையில் நடந்த, பிள்ளைகளுக்கு ஊசி போடும் கிளினிக்கை மீன் ஏலம் கூறும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது அநியாயம். அங்கே வராத தாய்மாரைக் குற்றம் சொன்னது அதைவிடப் பெரிய அநியாயம். இன்று ஆஸ்பத்திரியில் என் கைப்புண்ணைத் துடைத்தார்கள். ஸ்பிரிட் வாசம் ஏறியதும் உங்கள் முன்னறை கண்முன் வந்து நின்றது.

கிளினிக் நாளில் நம் மாடிவீட்டுத் தொகுதியின் கீழே நின்று சத்தம் போடுவீர்கள். "அடியே ஸபியா, சோறு பொறகு ஆக்கலாம், புள்ளயக் கொண்டா!" மகள் அழுவாளே என்று அவள் புருஷன் தயங்கினால், "ஒன்னப் போல பயந்தாங்கொள்ளியா வளராம இருக்கட்டும், தா இஞ்ச" என்று பறித்துக்கொள்வீர்கள். வாசலில் திரை தொங்கும். உள்ளே பெண்கள் மட்டும். அதனால்தான் எல்லோரும் வந்தார்கள்.

நீங்கள் மவுத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு கரையோரத்துப் புதுக் கட்டடம் வசதி என்றார்கள். கிளினிக் தொடங்கும் காலைநேரத்தில்தான் தோணிகள் கரைசேரும். வாசல்வரை ஆண்கள் கூட்டம். அதற்குள் நம் பெண்கள் பிள்ளையோடு நுழைவார்களா? ஸபியா பாதிவழி போய்த் திரும்பிவிட்டாள். அடுத்த முறை பார்ப்போம் என்றாள். அந்த அடுத்த முறை வரவேயில்லை.

போன மாதம் அவளுடைய மூத்தவளைச் சின்னமுத்து என்ற தட்டம்மை கொண்டுபோனது. உங்கள் மடியில் முதல் ஊசி போட்ட அதே பிள்ளைதான்.

அடக்கம் முடிந்து சில நாளில் பள்ளிவாசலில் கூட்டம் வைத்தார்கள். "தாய்மாருக்கு அக்கறை இல்ல" என்றார் சுகாதார அதிகாரி. நான் எழும்பினேன்.

"சேர், ஒங்கட பொஞ்சாதிய அந்த ஏலத்துக்குள்ளால அனுப்புவீங்களா?"

"காக்கா, வயசுபோன ஆள், இருங்க" என்று அண்ணன் முறை வைத்து அமர்த்தப் பார்த்தார் அவர்.

"இருக்க மாட்டன். பதிலச் சொல்லுங்க."

அவர் கோப்பை மூடிவிட்டுக் கூட்டத்தை முடித்தார். கிளினிக் இன்றுவரை அங்கேயேதான் இருக்கிறது. ஸபியாவின் சின்னவளுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. அவளுக்கும் சின்னமுத்து ஊசி போடவில்லை.

ராத்தா, உங்களிடம் சொல்வதுபோல் எல்லோருக்கும் சொல்கிறேன். கிளினிக்கைத் தொகுதிக்குள் திருப்பிக் கொண்டுவர வேண்டியது சுகாதார அலுவலகம். பள்ளிவாசலின் பக்க அறையைத் திறந்து பெண்களுக்குத் தனிவாசல் விட வேண்டியது அதை நிர்வகிக்கும் மரைக்காயர்மார். கடலுக்குப் போகாத நாளில் பிள்ளையைத் தூக்கி வர வேண்டியது வாப்பாமார். இவர்கள் அசையும்வரை, ஸபியாவின் சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த ஏலக் கூட்டத்துக்குள்ளால் நடக்க வேண்டியது நான்.