கேட்டுக்குக் குறுக்கே ஒரு கார்

என்னங்க, எழுந்ததும் முதல்ல இதைப் படிங்க.

உங்க ஸ்போர்ட்ஸ் கார் ஓடாம நின்னதும் நீங்க தள்ளிட்டு வந்து விட்ட இடத்துலயே, கேட்டுக்குக் குறுக்க நிக்குது. உள்ள என் ஸ்கூட்டர் மாட்டிக்கிச்சு. எனக்கும் வேற வழியில்ல. காருக்குள்ள இந்தப் பக்கம் ஏறி, கியரைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கித்தான் பஸ்ஸுக்குப் போகணும். புது வேலையில முதல் நாள், சுடிதார் பூரா கிரீஸ்!

ஹெட் கேஸ்கெட் போயிடுச்சுன்னு இன்ஜினைப் பிரிச்சீங்க, சரி. அதோட மேல்பாதி, அந்த ஹெட்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில வெச்சா நாம எங்க உக்காந்து சாப்பிடறது? சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு. இன்ஜின்லேருந்து கூலன்ட் தண்ணி பிடிச்ச என் சமையல் பாத்திரம் இனிமே உங்களுக்கே.

மத்தியானம் மெக்கானிக் வருவார். ஹெட் வளைஞ்சிருக்கு, செலவு பெருசுன்னு சொன்னா எங்கிட்ட மறைக்காதீங்க. நேத்து கோவத்துல "வித்துத் தொலைங்க"ன்னு சொன்னேன்ல, அதை மறந்துடுங்க.

பி.கு.: கல்யாணம் ஆனதுலேருந்து ஓட்டுற சீட்டுல என்னை நீங்க உக்கார விட்டதில்ல. இதை அங்க உக்காந்துதான் எழுதறேன். நகராத வண்டின்னு தெரிஞ்சும் இறங்க மனசு வரல.

சீட்டை என் கால் எட்டற மாதிரி முன்னால இழுத்து வெச்சிருக்கேன். அது அப்படியே இருக்கட்டும்.